ஏஸைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் சும்மா இருந்தே? பிரிட்ஜ் பற்றி எங்கள் மாடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் ஒரு மொட்டை மாடி. ஞாயிறு சாயங்காலம் எட்டுப் பேர் சேர்ந்தால் இரண்டு மேசை போட்டு பிரிட்ஜ் ஆடுகிறோம். புதிதாக வருகிறவர்கள் ரம்மி ஆடியவர்கள், இல்லையென்றால் கும்மிடிப்பூண்டி ரயிலில் மடியில் துண்டை விரித்து இருபத்தெட்டு ஆடியவர்கள். யார் வந்தாலும் ஏறத்தாழ இதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். சீட்டின் நான்கு ஜாதிகளையும் எங்கள் பக்கத்துப் பழக்கப்படி ஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் என்றே சொல்கிறேன்.

இருபத்தெட்டு நன்றாக ஆடுவேன். பிரிட்ஜ் வருமா?

பாதி வந்த மாதிரிதான். எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு ஜோடி, முதலில் கேட்பது, பிறகு ஆடுவது, துருப்பால் வெட்டுவது எல்லாம் இங்கேயும் உண்டு. மறக்க வேண்டியவையும் சில இருக்கின்றன. இருபத்தெட்டில் ஜாக் பெரியது, அடுத்தது ஒன்பது. இங்கே ஏஸ், கிங், குயின், ஜாக், பத்து என்று நேர்வரிசை. அங்கே 32 சீட்டு, இங்கே 52-ம் போட்டு ஆளுக்கு 13. அங்கே துருப்பைக் கவிழ்த்து வைப்பார்கள், இங்கே எல்லாருக்கும் தெரியும்படி சொல்லியாக வேண்டும். சீட்டுக்குத் தனி மதிப்பு கிடையாது. நான்கு பேரும் ஆளுக்கொரு சீட்டு போட்டால் அது ஒரு பிடி, மொத்தம் 13 பிடி, அதில் எத்தனை எடுத்தாய் என்பது மட்டும்தான் கணக்கு.

பெரிய வித்தியாசம் டம்மி. ஏலம் எடுத்தவரின் பார்ட்னர், எதிராளி முதல் சீட்டை இறக்கியதும், தன் 13 சீட்டையும் மேசைமேல் விரித்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். இரண்டு கையையும் ஒருவரே ஆடுவார். புதியவர்கள் இதைப் பார்த்து “இன்னாப்பா, பாதி சீட்டைத் தொறந்து காட்டிட்டா அப்புறம் இன்னா ஆட்டம்?” என்று கேட்பார்கள். நான்கு கையில் உங்கள் கையும் டம்மியும் தெரிகிறது, மிச்சம் 26 சீட்டு எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆட்டமே அதுதான்.

ஏலத்தில் என்னதான் பேசிக்கொள்கிறீர்கள்? ஒன்றும் புரியவில்லை.

ஏலம் என்பது கையில் இருப்பதைப் பார்ட்னரிடம் சொல்லும் பேச்சு. ஆனால் அந்தப் பாஷையில் மொத்தமே 38 வார்த்தைதான். ஒன்று முதல் ஏழு வரை எண்கள், அவற்றோடு கிளாவர், டைமன், ஆட்டின், ஸ்பேட், நோ டிரம்ப் (துருப்பே இல்லாத ஆட்டம்) என்ற ஐந்து, ஆக 35. அப்புறம் பாஸ், டபுள், ரீடபுள். கீழிருந்து மேலே மட்டும்தான் ஏறலாம். ‘ஒன் ஸ்பேட்’ என்றால் ஸ்பேட் துருப்பாக ஏழு பிடி எடுக்கிறேன் என்று பொருள், சொல்லும் எண்ணோடு எப்போதும் ஆறைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கையை எடை போட ஏஸுக்கு 4, கிங்குக்கு 3, குயினுக்கு 2, ஜாக்குக்கு 1. கட்டு முழுவதும் 40 புள்ளி. 12, 13 இருந்தால் வாய் திறக்கலாம். ஸ்பேடிலோ ஆட்டினிலோ ஐந்து சீட்டு இருந்தால்தான் அதைச் சொல்லித் திறப்போம். 15 முதல் 17 வரை, எல்லா ஜாதியும் ஓரளவு சமமாக இருந்தால் ‘ஒன் நோ டிரம்ப்’. இருவரிடமும் சேர்ந்து 25 இருந்தால் கேம், அதாவது பெரிய போனஸ் தரும் ஏலம், 33 இருந்தால் 12 பிடி எடுக்கும் ஸ்லாம், 37 இருந்தால் 13-ம்.

ஓர் உதாரணம். உங்கள் கை: ஸ்பேட் ஏஸ் 7, ஆட்டின் கிங் குயின் 9 6 4, டைமன் ஏஸ் 8 3, கிளாவர் 10 5 2. 13 புள்ளி, ஐந்து ஆட்டின். ‘ஒன் ஆட்டின்’ என்கிறீர்கள். பார்ட்னர் ‘டூ ஆட்டின்’ என்கிறார். மூன்று ஆட்டினாவது இருக்கிறது, புள்ளி 6 முதல் 9 வரை என்று பொருள். அவரிடம் மிஞ்சிப் போனால் 9. கூட்டினால் 22. 25-க்கு எட்டாது. ‘பாஸ்’ சொல்லி நிறுத்துங்கள். புதியவர்கள் கை இங்கேதான் பரபரக்கும். நல்ல கை வந்திருக்கிறதே என்று நான்குக்குப் போய் ஒன்றோ இரண்டோ டவுன் ஆவார்கள், அதாவது கேட்டதில் அத்தனை பிடி குறையும். உங்கள் கை நல்ல கைதான். ஆனால் அதை முதல் வார்த்தையிலேயே சொல்லியாகிவிட்டது. இரண்டாம் தடவை சொன்னால் பார்ட்னர் அதை வேறொரு கையாகக் கேட்பார்.

பாஸும் ஒரு வார்த்தை. பார்ட்னர் திறந்தும் நீங்கள் பாஸ் என்றால் ஆறு புள்ளிகூட இல்லை என்று அர்த்தம். எதிராளி பாஸ் பாஸ் என்று போயிருந்தால், அவர் கையில் இரண்டு ஏஸும் இரண்டு கிங்கும் சேர்ந்து இருக்க வாய்ப்பே இல்லை. ஆட்டம் ஆடும்போது இதுதான் கைகொடுக்கும்.

எதற்காக எல்லாரும் மூன்று நோ டிரம்ப்பிலேயே போய் நிற்கிறார்கள்?

கணக்கு அப்படி. கிளாவரும் டைமனும் ஆறுக்கு மேல் பிடிக்கு 20. ஆட்டினும் ஸ்பேடும் 30. நோ டிரம்ப்பில் முதல் பிடிக்கு 40, பிறகு 30. கேட்டது 100 தொட்டால் கேம், 300 போனஸ். வல்னரபிள், அதாவது போனஸும் அபராதமும் கூடும் நிலை, என்றால் 500. தொடவில்லை என்றால் 50 மட்டும். நோ டிரம்ப்பில் மூன்று கேட்டால், அதாவது ஒன்பது பிடியில், 100 வந்துவிடுகிறது. ஆட்டின், ஸ்பேட் என்றால் நான்கு கேட்க வேண்டும், டைமன், கிளாவர் என்றால் ஐந்து, அதாவது பதினொரு பிடி. ஒன்பது சுலபமா, பதினொன்று சுலபமா?

இந்தக் கணக்கு பிறந்தது கப்பலில். ஹெரால்ட் வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கப் பணக்காரர் 1925-இல் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பனாமா கால்வாய் வழியாக ஹவானா போகும்போது பழைய பிரிட்ஜ் கணக்கை மாற்றி எழுதி, கூட வந்தவர்களோடு ஆடிப் பார்த்தார். ‘வல்னரபிள்’ என்ற சொல்லைக் கொடுத்தது அதே கப்பலில் வந்த ஒரு பெண். அவர் பெயர் யாருக்கும் நினைவில்லாமல் போய்விட்டது. துறைமுகத்தில் வேலை பார்த்த எனக்கு இது பிடித்த செய்தி.

எத்தனை கன்வென்ஷன் மனப்பாடம் செய்ய வேண்டும்?

கன்வென்ஷன் என்றால் ஏலத்தில் ஒரு வார்த்தைக்கு ஜோடி முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளும் தனி அர்த்தம். மூன்று போதும். ஸ்டேமன், டிரான்ஸ்ஃபர், பிளாக்வுட். பார்ட்னரின் ஒன் நோ டிரம்ப்புக்கு ‘டூ கிளாவர்’ என்றால் உன்னிடம் நான்கு சீட்டு ஆட்டினோ ஸ்பேடோ உண்டா என்று கேட்பது ஸ்டேமன். ‘டூ டைமன்’ என்றால் என்னிடம் ஐந்து ஆட்டின் இருக்கிறது, நீயே ஆட்டின் சொல் என்பது டிரான்ஸ்ஃபர், ‘டூ ஆட்டின்’ என்றால் அதே மாதிரி ஸ்பேட். ‘ஃபோர் நோ டிரம்ப்’ என்று எத்தனை ஏஸ் என்று கேட்பது பிளாக்வுட், ஈஸ்லி பிளாக்வுட் 1933-இல் உருவாக்கியது. பதிலாக ஐந்து கிளாவர் என்றால் ஒன்றுமில்லை அல்லது நான்கும், டைமன் ஒன்று, ஆட்டின் இரண்டு, ஸ்பேட் மூன்று.

எங்களில் ஒருவர் இருபது கன்வென்ஷன் படித்துக்கொண்டு வந்தார். பார்ட்னருக்கு அதில் பதினெட்டு தெரியாது. தனக்குத் தானே தெலுங்கில் பேசிக்கொண்டிருந்த மாதிரி ஆகிவிட்டது.

“இன்னாத்துக்குண்ணே ஏஸை வெச்சிக்கினு சும்மா இருந்தே?”

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். போன மாதம் ஒரு தம்பி என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுக் கேட்டதையே தலைப்பில் வைத்தேன். அந்தக் கை இது. நான் தெற்கு, மூன்று நோ டிரம்ப் ஆடுகிறேன்.

வடக்கு (டம்மி): ஸ்பேட் 7 4; ஆட்டின் கிங் 6 3; டைமன் ஏஸ் ஜாக் 10 9 5; கிளாவர் குயின் 8 4

தெற்கு (நான்): ஸ்பேட் ஏஸ் 6 5, ஆட்டின் ஏஸ் 8 5, டைமன் குயின் 8 4, கிளாவர் ஏஸ் கிங் 7 3

மேற்கு: ஸ்பேட் கிங் குயின் ஜாக் 8 2, ஆட்டின் 9 7 4, டைமன் 7 2, கிளாவர் ஜாக் 6 2

கிழக்கு: ஸ்பேட் 10 9 3, ஆட்டின் குயின் ஜாக் 10 2, டைமன் கிங் 6 3, கிளாவர் 10 9 5

மேற்கு ஸ்பேட் கிங்கை இறக்கினார். நிச்சயப் பிடிகளை எண்ணினேன். ஸ்பேட் ஒன்று, ஆட்டின் இரண்டு, டைமன் ஒன்று, கிளாவர் மூன்று, ஆக ஏழு. மிச்சம் இரண்டு டைமனிலிருந்துதான் வர வேண்டும். அதற்கு என் கையிலிருந்து குயினை இறக்கி, கிங் மேற்கிடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிழக்கிடம் இருந்தால் ஒரு பிடி போகும்.

அந்தத் தம்பி சொன்ன மாதிரி முதல் ஸ்பேடையே ஏஸால் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? டைமன் குயின் இறக்கினால் கிழக்கு கிங்கால் எடுத்து, கையில் மிச்சமிருக்கும் ஸ்பேடை இறக்குவார். மேற்கு நான்கு ஸ்பேட் எடுப்பார். மொத்தம் ஐந்து போய் ஒன் டவுன்.

நான் முதல் ஸ்பேடை விட்டேன். இரண்டாவதையும் விட்டேன். மூன்றாவதை ஏஸால் எடுத்தேன், டம்மியிலிருந்து ஒரு சின்ன ஆட்டினைக் கழித்தேன். இப்போது கிழக்கிடம் ஸ்பேட் தீர்ந்துவிட்டது. டைமன் கிங் அவரிடம் இருந்தால் எடுக்கட்டும், மேற்கிடம் திரும்பிப் போக ஸ்பேட் இல்லை. கிங் மேற்கிடம் இருந்தால் ஃபினெஸ், அதாவது எதிராளியின் பெரிய சீட்டு நமக்குச் சாதகமான பக்கம் இருக்கும் என்று நம்பி ஆடுவது, பலித்து டைமனில் ஒன்றும் போகாது. ‘ஒருவேளை ஸ்பேட் நாலு-நாலாகப் பிரிந்து, கிழக்கிடம் இன்னும் ஒன்று இருந்தால்?’ என்று கேட்கலாம். இருக்கட்டுமே. அப்போது ஸ்பேடில் மூன்று, டைமனில் ஒன்று, நான்கு பிடிதான் போகும். ஒன்பது என்னுடையது. அன்று பத்து எடுத்தேன்.

எத்தனை தடவை விடுவது என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. அந்த ஜாதியில் நம் இரு கையிலும் எத்தனை சீட்டு என்று எண்ணி ஏழிலிருந்து கழியுங்கள். இங்கே இரண்டும் மூன்றும் ஐந்து, ஏழில் போனால் இரண்டு. இரண்டு தடவை விடு. ஆனால் இந்தக் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். வேறொரு ஜாதியில் அதைவிடப் பெரிய ஓட்டை இருந்தால், விட்டதும் எதிராளி அங்கே தாவிவிடுவார்.

ஃபினெஸ் என்றால் சூதாட்டம் மாதிரிதானே?

பாதிக்குப் பாதி. ஆகவே அதைவிட நல்லது இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு ஜாதியில் நம்மிடம் எட்டு இருந்து எதிராளிகளிடம் ஐந்து இருந்தால், மூன்று-இரண்டாகப் பிரிய 68 சதவீத வாய்ப்பு. அது ஃபினெஸ்ஸைவிட மேல். எதிராளிகளிடம் ஆறு இருந்தால் மூன்று-மூன்றாகப் பிரியும் என்று ஆசைப்படாதீர்கள், அது 36 சதவீதம்கூட வராது, நாலு-இரண்டுதான் 48. நான்கு சீட்டு வெளியே இருந்தால் இரண்டு-இரண்டைவிட மூன்று-ஒன்றுதான் அதிகம் வரும். ‘சரிசமமாகத்தானே பிரியும்’ என்ற நம்பிக்கையால் நான் தோற்ற கைகளை வைத்து ஒரு சுவர் பூசலாம்.

தடுப்பாட்டத்தில் முதல் சீட்டு எதை இறக்குவது?

நோ டிரம்ப்பை எதிர்த்து என்றால், உங்கள் நீளமான ஜாதியில் மேலிருந்து நான்காவது. கிங் குயின் ஜாக் என்று வரிசையாக இருந்தால் மேல்சீட்டு. துருப்பு ஆட்டம் என்றால் ஏஸ் வைத்திருக்கும் ஜாதியில் சின்னச் சீட்டை இறக்கவே கூடாது.

நான்காவது சீட்டு என்ற வழக்கத்தில் ஓர் அழகு இருக்கிறது. அந்தச் சீட்டின் எண்ணைப் பதினொன்றிலிருந்து கழித்தால், அதற்கு மேலே உள்ள சீட்டுகள் மற்ற மூன்று கைகளிலும் சேர்ந்து எத்தனை என்று வந்துவிடும். பார்ட்னர் ஸ்பேட் 6 இறக்குகிறார். டம்மியில் கிங் 9 3. உங்களிடம் ஏஸ் ஜாக் 8. பதினொன்றில் ஆறு போனால் ஐந்து. டம்மியில் இரண்டு, உங்களிடம் மூன்று, ஐந்தும் கண்முன்னே இருக்கிறது. அப்படியானால் ஏலம் எடுத்தவரிடம் ஆறுக்கு மேல் ஒன்றுகூட இல்லை. டம்மியில் 3 போட்டால் நீங்கள் 8 போட்டாலே பிடி. ஏஸையும் ஜாக்கையும் கிங்கின் தலைமேல் வைத்துக்கொண்டு காத்திருக்கலாம். முதல் தடவை இது பலித்தபோது காரமில் ஒரே அடியில் ரெட்டும் ஃபாலோவும் போட்ட சந்தோஷம் எனக்கு.

தடுப்பாட்டம் ஏன் இவ்வளவு கஷ்டம்?

ஏலம் எடுத்தவர் 26 சீட்டையும் தன்னுடையதாகப் பார்க்கிறார். தடுக்கிற நீங்கள் உங்கள் 13-ஐப் பார்க்கிறீர்கள், மிச்சத்தைப் பார்ட்னரிடம் கேட்க வேண்டும், வாயால் கேட்கக் கூடாது. ஆகவே போடும் சீட்டே பேச்சு. இது புரிந்த அன்றுதான் நீங்கள் பிரிட்ஜ் ஆட ஆரம்பிக்கிறீர்கள் என்பேன். என் பார்ட்னர் ஏலம்தான் முக்கியம் என்பார், இருபது வருஷமாகச் சண்டை.

எங்கள் மாடியில் வாரம் ஒரு முறையாவது வரும் நிலைமை ஒன்று சொல்கிறேன். ஆட்டம் மூன்று நோ டிரம்ப். டம்மியில் டைமன் கிங் குயின் ஜாக் 10 5, வேறு ஜாதி எதிலும் பெரிய சீட்டு இல்லை. நீங்கள் டம்மிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள், உங்களிடம் டைமன் ஏஸ் 8 2. ஏலம் எடுத்தவர் கையிலிருந்து டைமன் 4 இறக்குகிறார், பார்ட்னர் ஒரு சீட்டு போடுகிறார், டம்மியில் கிங்.

புதியவர் உடனே ஏஸைப் போட்டுப் பிடியை எடுப்பார், முகத்தில் ஒரு பெருமை. டம்மியின் மற்ற நான்கு டைமனும் அப்போதே பிடியாகிவிட்டது. ஏலக்காரர் கையில் இன்னொரு டைமன் இருக்கிறது, அதைப் பாலமாக வைத்து எப்போது வேண்டுமானாலும் அங்கே போவார்.

ஏஸை விட வேண்டும். சரி, எத்தனை தடவை? ஏலக்காரரிடம் டைமன் தீரும் தடவையில் எடுக்க வேண்டும். ஒன்று முந்தினால் டம்மிக்குப் பாலம் மிஞ்சும், ஒன்று பிந்தினால் ஒரு பிடி இனாம். அந்த ஒரு பிடிதான் பெரும்பாலும் ஒன்பதாவதாக இருக்கும். அவரிடம் எத்தனை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் உங்கள் பார்ட்னர்.

பழக்கம் இது. கையில் இருப்பது இரட்டைப்படை என்றால் பெரியதைப் போட்டு அப்புறம் சின்னது, ஒற்றைப்படை என்றால் சின்னதை முதலில். டம்மியும் உங்களுடையதும் போக வெளியே இருப்பவை 9 7 6 4 3, ஐந்து சீட்டு. பார்ட்னர் 7 போட்டால்? மூன்று சீட்டு வைத்திருந்து அதில் 7 கடைசியாக இருக்க முடியாது, ஏழுக்கு மேல் வெளியே 9 மட்டும்தான். ஆக இரண்டு சீட்டு. ஏலக்காரரிடம் மூன்று. இரண்டு தடவை விட்டு மூன்றாவதை எடுங்கள். டம்மியில் இரண்டு நல்ல டைமன் செத்துக் கிடக்கும், தொட முடியாது. பார்ட்னர் 3 போட்டால் ஒற்றைப்படை, மூன்று சீட்டு. ஏலக்காரரிடம் இரண்டுதான். ஒரு தடவை விட்டு இரண்டாவதை எடுங்கள்.

கவனியுங்கள், இரண்டாம் சுற்று டம்மியிலிருந்து வரும்போது பார்ட்னரின் அடுத்த சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே நீங்கள் முடிவெடுத்தாக வேண்டும். ஆகவே அவர் போட்ட முதல் சின்னச் சீட்டை, டீ வந்துவிட்டது என்று தலையைத் திருப்பாமல், பார்த்திருக்க வேண்டும். போட்ட பார்ட்னரும் ‘என்னிடம் ஒன்றுமில்லை, எதையோ போடுவோம்’ என்று போட்டிருக்கக் கூடாது. ஒரு புள்ளிகூட இல்லாத கை வைத்திருப்பவர் அந்த 7-ஐச் சரியாகப் போட்டதால் மூன்று நோ டிரம்ப் விழுந்த நாட்கள் உண்டு. அந்த நாட்களில் நான் அவருக்கு வாழைக்காய் பஜ்ஜி வாங்கித் தருவேன்.

அப்போ இருமல், கண்ஜாடை எல்லாம்?

கூடாது. சொன்ன வார்த்தையாலும் போட்ட சீட்டாலும் மட்டுமே பார்ட்னருக்குச் செய்தி போகலாம். யோசித்து யோசித்து பாஸ் சொன்னால், அந்த யோசனையை வைத்துப் பார்ட்னர் லாபம் பார்க்கக் கூடாது. மேலே சொன்ன 7-க்கும் 3-க்கும் என்ன அர்த்தம் என்று எதிராளி கேட்டால் சொல்லிவிட வேண்டும், ரகசிய ஒப்பந்தம் கிடையாது. உலகப் போட்டிகளில் 1975 முதல் மேசைக்குக் குறுக்கே திரை போடுகிறார்கள், பார்ட்னர் முகமே தெரியாது. அப்படியும் 2015-இல் பெரிய பெரிய ஜோடிகள்மேல் சைகைக் குற்றச்சாட்டு வந்து, சில நாடுகள் உலகப் போட்டியிலிருந்தே விலகின. அந்தப் போட்டி நடந்தது நம் சென்னையில்தான். போலந்து பெர்முடா கோப்பையை எடுத்துக்கொண்டு போனது. இங்கிருந்து பஸ் ஏறினால் போய்ப் பார்த்திருக்கலாம். எனக்குத் தெரிந்தபோது கோப்பையைக் கொடுத்து முடித்திருந்தார்கள்.

நல்ல சீட்டு வந்தவன் ஜெயிக்கிறான். இதில் திறமை எங்கே?

நாலு பேர் மட்டும் ஆடினால் அந்த ராத்திரிக்கு அது உண்மை. எட்டுப் பேர் ஆடுவது இதற்காகத்தான். ஒரு மேசையில் ஆடி முடித்த கையைக் கலைக்காமல், நான்கு பேருடைய சீட்டையும் தனித்தனிக் கவரில் ரப்பர் பேண்ட் போட்டு, கீழ்வீட்டு மேசைக்கு அனுப்புகிறோம். மாடியில் எங்கள் அணி வடக்கு-தெற்கு, கீழே எங்கள் அணி கிழக்கு-மேற்கு. அதே சீட்டு, அதே இடம். வந்த சீட்டை யாரும் குறை சொல்ல முடியாது.

அந்த ஸ்பேட் ஏஸ் கையையே எடுங்கள். யாரும் வல்னரபிள் இல்லை. நான் பத்துப் பிடி எடுத்தேன்: 130, போனஸ் 300, ஆக 430. கீழே அதே மூன்று நோ டிரம்ப்பில் முதல் ஸ்பேடையே எடுத்து ஒன் டவுன், எதிரணிக்கு மைனஸ் 50. எங்களுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 480 வித்தியாசம். அணிப் போட்டி அட்டவணையில் அது 10 ஐ.எம்.பி., அதாவது அணிப் போட்டிப் புள்ளி.

வீட்டில் சீட்டு என்றாலே சண்டை. போலீஸ் பிரச்சினை வருமா?

வீட்டுக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மூணு சீட்டில் சம்பளக் கவரையே விட்டவர்களை இந்தத் தெருக்கள் பார்த்திருக்கின்றன. எங்கள் மாடியில் காசு கிடையாது. பிரிட்ஜில் திறமைதான் மேல் என்பதை நீதிமன்றங்களும் ஏற்றிருக்கின்றன. 1967-இல் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை விளையாட்டு என்று சொன்னபோது, அதிலுள்ள அதிர்ஷ்டம் பிரிட்ஜில் சீட்டு போடும்போது இருக்கும் அதிர்ஷ்டம் போன்றதுதான் என்று ஒப்பிட்டது. ஆனால் காசு வைத்து ஆட இதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் என்ற வங்காள ஜோடி பிரிட்ஜில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கியது. வீட்டில் காட்ட அந்தப் படம் உதவும். பர்தனுக்கு அப்போது அறுபது வயது.

பெண்டாட்டி புருஷன் ஜோடியாக ஆடலாமா?

ஆடலாம். 1929-இல் அமெரிக்காவின் கான்சஸ் நகரில் பென்னட் என்பவர் நான்கு ஸ்பேட் ஆட்டத்தில் டவுன் ஆனார். மனைவி திட்ட, அவர் அறைய, மனைவி துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிட்டார். 1931-இல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. எங்கள் விதி: கையைப் பற்றிய பேச்சு ஆட்டம் எல்லாம் முடிந்த பிறகு, டீயோடு. மேசையில் ‘ஏன் இதைப் போட்டே’ என்று கேட்டால் அடுத்த வாரம் டம்ளர் கழுவும் வேலை.

எங்கே கற்றுக்கொள்வது?

போனில் பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன் என்ற தளம் இருக்கிறது, காசில்லாமல் ஆடலாம், ரோபோவோடு தனியாகவும் பழகலாம். அதில் ஒரு மாதம் தோற்றுவிட்டு வாருங்கள். ரோபோ திட்டாது, அது ஒன்றுதான் குறை. புத்தகம் படிப்பதைவிட ஆடி முடித்த கையை நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். முதலில் உங்கள் 13 மட்டும் வரும். ஆறு மாதத்தில் டம்மியும் வரும். 52-ம் வந்துவிட்டால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், உங்களைப் பார்ட்னராக எடுத்துக்கொள்கிறேன்.

மாடியில் கடல்காற்று சீட்டைப் பறக்கடிக்கிறதே?

ஐந்து மணிக்கு மேல் காசிமேட்டுப் பக்கமிருந்து வரும். டம்மியின் ஒவ்வொரு ஜாதி வரிசைமேலும் ஒரு காரம் காய் வையுங்கள். எடுத்து முடித்த பிடிகளுக்கு ஸ்ட்ரைக்கர். போன வாரம் கிளாவர் 8 பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விட்டது, அந்த வீட்டம்மா இன்னும் திருப்பித் தரவில்லை. வருகிறவர் யாராவது புதுக் கட்டு ஒன்று வாங்கி வந்தால் நல்லது.